ஒரு முழ இடைவெளி: சபுராளிகள் அறிய வேண்டிய பொது இட ஒழுக்கங்கள்



கிள்ளை, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம் வட்டாரத்தில் சபுராளி இல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது. ஒரே வீட்டில் வாப்பா துபையில் இருப்பார், மகன் சிங்கப்பூரில் இருப்பார், மருமகன் ரியாத்தில் இருப்பார். பயணம் புறப்படும் பிள்ளைக்கு நாம் நிறையச் சொல்லி அனுப்புகிறோம். தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, காசைச் சேர்த்து வை, கெட்ட சகவாசம் வேண்டாம் என்கிறோம். ஊறுகாய் முதல் தலைவலித் தைலம் வரை பெட்டியில் கட்டிக் கொடுக்கிறோம்.

ஆனால் போகிற நாட்டில் அடுத்தவரிடம் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்கக்கூடாது, யாரைப் படம் எடுக்கக்கூடாது, யாருக்குக் கை நீட்டக்கூடாது என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இவற்றில் தவறினால் சில நாடுகளில் அபராதம், சிறை, நாடு கடத்தல் வரை போகும். மற்ற நாடுகளில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். மெல்ல ஒதுங்கிக்கொள்வார்கள். உடன் வேலை செய்பவர்கள் ஏன் பேசுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் முகம் திருப்புகிறார் என்று பிள்ளைக்குக் கடைசிவரை புரியாது. இவர்கள் ஆட்களே இப்படித்தான் என்ற பேச்சு மட்டும் அங்கே தங்கிவிடும். அதன் சுமை அடுத்து வருகிற தமிழன் மீதும், அடுத்து வருகிற முஸ்லிம் மீதும் விழும்.

எனவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தூரத்துக்கும் ஓர் அளவு உண்டு

எட்வர்டு ஹால் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர், மனிதர்கள் தங்களுக்கு இடையே விட்டுக்கொள்ளும் இடைவெளியைப் பற்றி ஆராய்ந்து 1966ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரைக் கவனித்து அவர் நான்கு வட்டங்களைப் பிரித்தார். முதல் வட்டம் சுமார் 45 சென்டிமீட்டர் வரை. நம் கணக்கில் சரியாக ஒரு முழம். மனைவி, குழந்தை போன்ற மிக நெருங்கியவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். அடுத்தது 4 அடி வரை, நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும். அதற்கு அடுத்தது 12 அடி வரை, அலுவலகப் பேச்சுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும். அதற்கு அப்பால் மேடைப் பேச்சு, பொதுக்கூட்டம்.

இந்த அளவுகள் எல்லாச் சமுதாயத்துக்கும் ஒன்று அல்ல என்பதை அவரே சொல்லியிருக்கிறார். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 42 நாடுகளில் சுமார் 9,000 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டது. அறிமுகமில்லாதவரிடம் அதிக தூரம் விரும்பியவர்கள் ருமேனியா நாட்டினர். மிகக் குறைந்த தூரம் போதும் என்றவர்கள் அர்ஜென்டினா நாட்டினர். அரபுகள் என்றாலே ஒட்டி நிற்பவர்கள் என்ற பொதுக் கருத்து இருந்தது. இந்த ஆய்விலோ சவூதி மக்கள் அதிக இடைவெளி விரும்புபவர்களின் வரிசையில் வந்தார்கள். ஆகவே "இந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்" என்று கேட்டறிந்த கதையை நம்பிப் போவதைவிட, போன இடத்தில் கண்ணைத் திறந்து கவனிப்பதே நல்லது.

நாம் ஏன் ஒட்டி நிற்கிறோம்?

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்கு வரும் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் அமரும் இருக்கையில் மூவர் அமர்வோம். நிற்பவரின் பை நம் மடியில் இருக்கும். தெரியாதவரின் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வோம். இதில் ஒரு மனிதநேயம் இருக்கிறது. இதைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகோடு ஒட்டி நிற்கிறோம். அதற்குக் காரணம் வேறு. ஓர் அடி இடம் விட்டால் இன்னொருவர் நடுவில் புகுந்துவிடுவார் என்ற பயம். பொருள் தீர்ந்துவிடும், டிக்கெட் கிடைக்காது என்ற அனுபவம் பல தலைமுறைகளாக நமக்குள் ஊறிக் கிடக்கிறது. ஏடிஎம் இயந்திரத்தில் ஒருவர் ரகசிய எண்ணை அழுத்தும்போது பின்னால் மூவர் எட்டிப் பார்ப்பதும், டாக்டர் அறையில் ஒரு நோயாளி நோயைச் சொல்லும்போது அடுத்த நோயாளி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பதும் இந்தப் பழக்கத்தின் நீட்சிதான்.

வெளிநாட்டு வங்கியில் முன்னால் நிற்பவருக்குப் பின்னே நான்கு அடி காலியாகத் தெரிந்தால் அது காலி இடம் அல்ல. அதுவும் வரிசைதான். நம் பிள்ளை அதைப் பார்த்து முன்னே போய் நின்றுவிடுகிறான். வரிசையை மீறினான் என்கிறார்கள். அவனோ எந்தத் தப்பும் செய்யவில்லை என்று நினைக்கிறான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தனி இடம், அந்தரங்கம் என்பதெல்லாம் மேற்கத்திய நாகரிகம், நம் மார்க்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் கருதுகிறார்கள். திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான சூரத்துந் நூரைத் திறந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். பிறர் வீட்டில் அனுமதி கேட்காமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையக்கூடாது என்று 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்கிறது அடுத்த வசனம். 49ஆம் அத்தியாயம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசத்தில், நடையில் நிதானமும் குரலில் தணிவும் வேண்டும் என்பது வருகிறது.

ஹதீஸ்களில் இன்னும் நுட்பமான விவரங்கள் உள்ளன. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிமில் வருகிறது. அனுமதி கேட்பது பார்வையை முன்னிட்டே விதிக்கப்பட்டது என்று, கதவு இடுக்கில் எட்டிப் பார்த்த ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பிறர் வீட்டு வாசலுக்குப் போனால் அவர்கள் நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்பார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒருவரை எழுப்பிவிட்டு அவருடைய இடத்தில் அமரக்கூடாது, இருவருக்கு நடுவே அவர்களின் அனுமதியின்றி உட்காரக்கூடாது, மூவர் இருக்கையில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் ரகசியம் பேசக்கூடாது, பச்சை வெங்காயம், பூண்டு தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வரக்கூடாது என்றெல்லாம் வந்திருக்கிறது. அடுத்தவரின் இடம், பார்வை, காது, மூக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது.

எத்தனை அடி தள்ளி நிற்பது, எந்தக் கையசைவு மரியாதை, எது அவமரியாதை என்ற விவரங்களை மார்க்கம் பெரும்பாலும் அந்தந்த ஊர் வழக்கத்துக்கே விட்டிருக்கிறது. வழக்கம் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்பது ஃபிக்ஹு கலையின் ஐந்து அடிப்படை விதிகளில் ஒன்று. இதைத்தான் 'உர்ஃபு' என்று மத்ரஸாக்களில் பாடம் எடுக்கிறோம். மார்க்கம் தடுக்காத விஷயத்தில் ஓர் ஊரின் வழக்கம் எதை நோவினை என்று கருதுகிறதோ, அங்கே அதைத் தவிர்ப்பது நம் கடமை. நாவாலும் கையாலும் பிறருக்குத் தீங்கு தராதவரே முஸ்லிம் என்ற நபிமொழியை நடைமுறைப்படுத்துவது இப்படித்தான்.

ஒரே மனிதர் தொழுகை ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார். வீதிக்கு வந்ததும் வழிவிட்டு ஒதுங்குகிறார். அரஃபாவிலிருந்து மக்கள் கூட்டமாகத் திரும்பியபோது கூச்சலும் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தமும் கேட்டு, நிதானமாகச் செல்லுங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நெருங்குவதற்கும் விலகுவதற்கும் இடம் உண்டு. அந்த இடத்தை அறிவதுதான் அதபு.

வளைகுடா நாடுகளில்

அரபு நாடு முஸ்லிம் நாடுதானே, நம் பழக்கமும் அவர்கள் பழக்கமும் ஒன்றுதான் என்று நினைத்துப் போகிறவர்கள் முதலில் தடுமாறுவது நலம் விசாரிப்பதில்தான். நம் ஊரில் "வீட்ல எப்படி இருக்காங்க? மனைவி ஊர்லயா, இங்கயா?" என்று கேட்பது அன்பு. வளைகுடா அரபுகளிடம் ஒருவரின் மனைவியைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு. குடும்பத்தார் நலமா, பிள்ளைகள் நலமா என்று பொதுவாகக் கேட்பார்கள். ஆண்கள் கைகொடுத்தால் உடனே விடாமல் நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே நலம் விசாரிப்பார்கள். அதை வெடுக்கென்று உருவிக்கொள்வது அழகல்ல. பெண்களுக்கு நாமாகக் கை நீட்டக்கூடாது.

மஜ்லிஸில் அமரும்போது பாதத்தின் அடிப்பகுதி எதிரில் இருப்பவரைப் பார்க்கும்படி கால்மேல் கால் போடுவது அவமரியாதை. கஹ்வா ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக அசைத்துக் கொடுக்க வேண்டும். ஐந்து விரல்களையும் மேல்நோக்கிக் குவித்துக் காட்டினால் அங்கே "கொஞ்சம் பொறு" என்று பொருள். சாப்பாட்டுக்கு அழைக்கிறார் என்று நினைத்துவிடக்கூடாது. அதேபோல் சரி என்பதற்கு நாம் தலையை இருபுறமும் ஆட்டுவது பல நாட்டினருக்குப் புரிவதில்லை. மேலதிகாரி கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்து "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்லிப் பழக வேண்டும்.

மிகவும் எச்சரிக்கை தேவைப்படுவது கைப்பேசி கேமரா விஷயத்தில். கடற்கரையில், மாலில், பேருந்தில் பிறரைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுவது இங்கே விளையாட்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறரைப் படமெடுத்து அந்தரங்கத்தை மீறினால் 6 மாதத்துக்குக் குறையாத சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மாதம் 1,500 திர்ஹம் சம்பளம் வாங்கும் ஒரு பிள்ளைக்கு இது எட்டு ஆண்டுக்கு மேலான உழைப்பு. வாட்ஸ்அப்பில் கோபத்தில் அனுப்பிய வசவுச் சொல்லுக்காகவும், காரில் போகும்போது காட்டிய ஆபாச விரல் சைகைக்காகவும் அங்கே வழக்குகள் நடந்திருக்கின்றன.

துபை மெட்ரோ 2009 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அதில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி உண்டு. அவசரத்தில் அதில் ஏறிவிடும் ஆணுக்கும், ரயிலில் சாப்பிடுகிறவருக்கும் 100 திர்ஹம் அபராதம். சவூதி அரேபியா 2019இல் சுற்றுலா விசாவைத் திறந்தபோது பொது ஒழுக்க மீறல்கள் 19ஐப் பட்டியலிட்டது. வரிசையை மீறினால் 50 ரியால், பொது இடத்தில் துப்பினாலோ குப்பை போட்டாலோ 500 ரியால், அனுமதியின்றிப் பிறரைப் படமெடுத்தால் 1,000 ரியால் என்று அதில் அறிவிக்கப்பட்டது. பாதையில் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்ற ஹதீஸை ஓதுகிற நாம், வெற்றிலை எச்சிலுக்கு அபராதம் கட்டி நிற்பது எவ்வளவு பெரிய வெட்கம்!

சிங்கப்பூர், மலேசியாவில்

வங்காள விரிகுடாவைக் கடந்து போனவர்களில் நம் கடற்கரை முஸ்லிம்கள் முன்னோடிகள். பினாங்கில் 1801இல் கபிதான் கெலிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1826இல் மஸ்ஜித் ஜாமிஆ சூலியாவையும் தமிழ் முஸ்லிம் வணிகச் சமுதாயம் எழுப்பியது. பினாங்கில் அந்தப் பள்ளிவாசல் உள்ள வீதியிலேயே தேவாலயமும் சீனர் கோயிலும் இருக்கின்றன. சிங்கப்பூரில் சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் ஒரே சாலையில் இருக்கின்றன. மொழியும் மதமும் வேறான மக்கள் ஒரு வீதியைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்றால், அடுத்தவருக்கு வழிவிடத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கிள்ளைக்கும் அது புதிதல்ல. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தீர்த்தவாரிக்காக இங்கு வரும்போது, ஊர்வலத்தை முஸ்லிம்கள் மரியாதையோடு வரவேற்பதைத் தமிழகமே அறியும். சொந்த ஊரில் இருக்கும் இந்தப் பக்குவத்தை வெளியூரிலும் கடைப்பிடிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் பெரும்பாலான மக்கள் வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். ஒரு வீட்டுச் சுவருக்கு அப்பால் இன்னொரு வீடு. இரவில் போனை ஸ்பீக்கரில் போட்டு ஊருக்குப் பேசினால் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் கேட்கும். ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நின்று வலப்பக்கத்தை நடப்பவர்களுக்கு விட வேண்டும். லண்டனில் இது நேர்மாறு, வலப்பக்கம் நிற்பார்கள். உணவங்காடியில் காலி மேசை மீது ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால், யாரோ அந்த இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார் என்று பொருள். புதிதாகப் போனவர் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் சண்டை வரும்.

மலேசியாவில் ஆட்காட்டி விரலால் ஒருவரைச் சுட்டுவது அநாகரிகம். விரல்களை மடக்கிக் கட்டை விரலால் திசை காட்டுவார்கள். முஸாஃபஹா செய்த பிறகு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வது மலாய் மக்களின் அழகிய பழக்கம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். 2008இல் சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி வரப்போகிறது என்றதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டார் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். கடைசியில் குடியிருப்பு வழியாகப் போகாதபடி தனிப் பாதையோடு அந்த விடுதி அமைந்தது. அந்தத் தொழிலாளர்கள் இன்னும் வந்து சேரவே இல்லை, எந்தத் தவறும் செய்யவில்லை. அதற்கு முன்பே இப்படி ஓர் எதிர்ப்பு. எல்லாக் குறையும் நம் பிள்ளைகள் மீதுதான் என்று சொல்ல முடியாது. தப்பெண்ணத்தோடு பார்க்கிற கண்ணும் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கண்ணுக்கு நாமாக ஒரு சாக்குக் கொடுத்துவிடக்கூடாது என்பதே நம்மால் ஆனது.

மேற்கு நாடுகளில்

ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்குப் படிப்புக்கும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். அங்கே கையை நீட்டினால் தொடும் தூரத்துக்கு உள்ளே அந்நியர் வந்தாலே சங்கடப்படுவார்கள். பேச்சுக்கு நடுவே தோளில் தட்டுவது, சட்டையைத் தொட்டு "எங்க வாங்கினீங்க?" என்பது, பூங்காவில் தெரியாதவரின் குழந்தையைக் கன்னத்தில் கிள்ளிக் கொஞ்சுவது எல்லாம் அங்கே தவறாகப் புரிந்துகொள்ளப்படும். குழந்தை விஷயத்தில் போலீஸ்வரை போகக்கூடும். இரண்டு ஆண்கள் கைகோத்து நடப்பது இங்கே நட்பு, அங்கே அதற்கு வேறு அர்த்தம்.

பெரியவர் பேசும்போது பார்வையைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. அங்கே நேர்முகத் தேர்வில் அப்படிச் செய்தால் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பார்கள். ஆண் அதிகாரியிடம் ஆண் பிள்ளை முகம் பார்த்துப் பேசுவதில் மார்க்கத்தில் தடையில்லை. அந்நியப் பெண்ணிடம் பேசும்போது தேவையான அளவுக்குப் பார்த்து, உற்று நோக்காமல் பேசுவதே பார்வையைப் பேணுவதாகும்.

கைகுலுக்கும் பிரச்சினை இன்னும் நுட்பமானது. அந்நியப் பெண்ணின் கையைத் தொடக்கூடாது என்பது நம் மார்க்க நிலைப்பாடு. பைஅத் வாங்கும்போதுகூட நபி (ஸல்) அவர்களின் கை அந்நியப் பெண்ணின் கையைத் தொட்டதில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால் மேற்கில் நீட்டிய கையைப் பிடிக்காதது அவமதிப்பு. 2016இல் சுவிட்சர்லாந்தின் தெர்வில் நகரில் இரண்டு முஸ்லிம் மாணவர்கள் ஆசிரியைக்குக் கைகொடுக்க மறுத்தபோது, மாணவர்கள் கைகுலுக்கியே ஆக வேண்டும், மறுத்தால் பெற்றோருக்கு 5,000 பிராங்க் வரை அபராதம் விதிக்கலாம் என்று மாநில அதிகாரிகள் முடிவு செய்தார்கள். டென்மார்க் 2018 இறுதியில் குடியுரிமை வழங்கும் விழாவில் கைகுலுக்குவதைச் சட்டமாக்கியது. அதே 2018இல் ஸ்வீடனில் வந்த தீர்ப்பு வேறு. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான நேர்முகத்தில் ஒரு முஸ்லிம் பெண், ஆண் அதிகாரிக்குக் கைகொடுக்காமல் நெஞ்சில் கைவைத்து வணக்கம் தெரிவித்தார். நேர்முகம் அத்துடன் முடிக்கப்பட்டது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்து 40,000 குரோனர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. எல்லையைப் பேணுவது ஒன்று, எதிரில் இருப்பவரை அவமதிப்பது இன்னொன்று. முதலாவதைச் செய்ய இரண்டாவது தேவையில்லை. கை நீட்டப்படும் முன்பே வலக்கையை நெஞ்சில் வைத்து, புன்னகையோடு தலையசைத்து, தன் மார்க்கப் பழக்கம் இது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வதுதான் காயப்படுத்துகிறது. அலுவலகத்தில் சேரும் முன்பே சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

கேள்விகளுக்கும் எல்லை உண்டு

இடைவெளி என்பது உடலுக்கு மட்டுமல்ல. சம்பளம் எவ்வளவு, வயது என்ன, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எத்தனை வருஷமாகக் குழந்தை இல்லை, ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று நாம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறோம். அக்கறையால்தான் கேட்கிறோம். பிற நாட்டாரிடம் இவை கதவைத் தட்டாமல் படுக்கையறைக்குள் நுழைவதற்குச் சமம்.

நம் ஊரிலும் இவை காயப்படுத்தாமல் இல்லை. ஒவ்வொரு கல்யாண விருந்திலும் "ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்கு முகம் கொடுக்க முடியாமல், விருந்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்ட பெண்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே முகம் சுளிக்கிறார்கள், இவர்கள் இங்கே மௌனமாக அழுகிறார்கள். தனக்குத் தேவையில்லாததை விட்டுவிடுவது ஒருவரின் இஸ்லாமிய அழகு என்ற ஹதீஸ் இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

பெட் ஸ்பேஸ் வாழ்க்கை

வெளிநாட்டார் விரும்பும் இடைவெளியைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம் சபுராளிக்குக் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு? அமீரகத்தின் தொழிலாளர் குடியிருப்பு விதிப்படி ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர். ஏறத்தாழ 32 சதுர அடி. ஓர் அடுக்குக் கட்டிலும் ஒரு பெட்டியும் அதில் அடங்கிவிடும். பெட் ஸ்பேஸ் வாடகைக்கு எடுத்துத் தங்குபவர்களுக்குக் கட்டிலைச் சுற்றித் தொங்கும் ஒரு திரைதான் வீடு. அந்தத் திரைக்குள்தான் அவர் மனைவியோடு பேசுகிறார், உம்மாவின் மௌத்துச் செய்தியைக் கேட்டு அழுகிறார், பிள்ளைக்குப் பிறந்தநாள் துஆ செய்கிறார்.

அந்தத் திரையைக் கதவாக மதியுங்கள். திறக்கும் முன் பெயர் சொல்லிக் கேளுங்கள். கதவைத் தட்டியவர் யார் என்று கேட்டதற்கு "நான்" என்று மட்டும் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர் பக்கத்தில் யூடியூபைச் சத்தமாக வைக்காதீர்கள், பயான் கேட்பதானாலும் இயர்போன் போட்டுக் கேளுங்கள். ஃபஜ்ருக்கு அலாரம் வைத்தால் எழுந்து அணையுங்கள். பத்துப் பேருக்கும் அலாரம் அடித்துவிட்டுத் தானே தூங்கிவிடுவது நன்மையில் சேராது. அறையிலிருந்து ஊருக்கு வீடியோ கால் பேசும்போது பின்னால் உடை மாற்றுபவர் திரையில் தெரிகிறாரா என்று பாருங்கள். அறையில் மலையாளி, வங்காளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ இருக்கலாம். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து வந்ததில்லை. இத்தனை குறுகிய இடத்தில் பல வருடம் சண்டையின்றி வாழ்வதற்கு, ஒருவர் மற்றவருக்கு மனதளவில் விட்டுக்கொடுக்கும் இடம்தான் உதவும்.

ஊருக்குத் திரும்பும்போது

இரண்டு வருடம் கழித்து 40 நாள் விடுமுறையில் வருகிறார் ஒருவர். வந்த நிமிடமே பெட்டி நடுக்கூடத்தில் திறக்கப்படுகிறது. யாருக்கு என்ன என்பது எல்லார் முன்னிலையிலும் அளக்கப்படுகிறது. காலை ஏழு மணிக்கே சொந்தக்காரர்கள் வருகிறார்கள், முன்கூட்டி ஒரு போன்கூட இல்லை. படுக்கையறைக் கதவைத் தட்டாமல் திறப்பதற்கு வீட்டில் எல்லாருக்கும் உரிமை இருப்பதாக நினைக்கிறோம். புதிதாக மணமான தம்பதி அந்த 40 நாளில் மனம்விட்டுப் பேசியது எத்தனை மணி நேரம் என்று கணக்கெடுத்தால் கண்ணில் நீர் வரும். பிறகு அவர் விமானம் ஏறிவிடுகிறார். அடுத்த இரண்டு வருடத்துக்கு இருவருக்கும் போன்தான்.

சூரத்துந் நூரின் 58ஆம் வசனம், ஃபஜ்ருக்கு முன்பும் நண்பகல் ஓய்வு நேரத்திலும் இஷாவுக்குப் பின்பும், ஒரே வீட்டில் வாழும் சிறு பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. சொந்தப் பிள்ளைக்கே இந்தச் சட்டம் என்றால், மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பக்கத்து வீட்டு லாத்தாவுக்கும் என்ன சட்டம் என்று நாமே புரிந்துகொள்ளலாம். விருந்து முடிந்ததும் பேசிக்கொண்டே அமர்ந்து வீட்டாரைச் சங்கடப்படுத்தாமல் கலைந்து செல்லும்படி 33ஆம் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் நபித்தோழர்களுக்கே கற்றுக்கொடுத்தது.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் இங்கே வந்து, யாரோ ஒருவர் கன்னத்தைக் கிள்ளும்போது பின்வாங்கினால் "திமிர் பிடித்த பிள்ளை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை தன் பள்ளிக்கூடத்தில் கற்ற ஒழுக்கத்தைத்தான் காட்டுகிறது. "கைகொடுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், ஓடிவந்து ஸலாம் சொல்லும். பெற்றோர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்து வர வேண்டும். இங்கே பெரியவர்கள் தலையைத் தடவி துஆ செய்வார்கள், அது அன்பு, அதற்குப் பயப்பட வேண்டாம் என்று விமானத்தில் வரும்போதே சொல்லிவிடலாம்.

புறப்படும் முன் சொல்லி அனுப்ப வேண்டியவை

பயணம் புறப்படும் பிள்ளையிடம் குறைந்தது இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்:

1. முதல் மாதம் பேசுவதைவிட அதிகம் கவனி. அந்த நாட்டார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள், எப்படி அழைக்கிறார்கள் என்று பார்.

2. வரிசையில் இடைவெளி தெரிந்தால் கடைசி ஆள் யார் என்று கேட்டு அவருக்குப் பின்னால் நில்.

3. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதே. விபத்தை, சண்டையை, பெண்களை, பிறர் குழந்தைகளை ஒருபோதும் எடுக்காதே.

4. பிறர் வீட்டுக்குப் போகும் முன் போன் செய். இப்போது வசதிப்படாது என்றால் மனக்குறை கொள்ளாதே.

5. சம்பளம், வயது, திருமணம், குழந்தை, மதம் பற்றி அவர்களாகச் சொல்லும்வரை கேட்காதே.

6. மார்க்கம் தடுக்கிற இடத்தில் உறுதியாக இரு, அதைப் புன்னகையோடு சொல்.

7. தவறு நடந்துவிட்டால் விவாதிக்காமல் மன்னிப்புக் கேள். எங்கள் ஊரில் இப்படித்தான் என்பது பதில் ஆகாது.

சபுராளிகளை அனுப்பும் நம் ஊர் ஜமாஅத்துகளும் இதில் ஒன்று செய்யலாம். விசா கிடைத்த இளைஞர்களுக்கு, அதே நாட்டில் பல வருடம் இருந்து திரும்பிய பெரியவர் ஒருவரை வைத்து, ஒரு மாலை நேரம் பள்ளிவாசலில் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். செலவில்லாத உதவி. பல வீடுகளின் கண்ணீரைத் தடுக்கக்கூடிய உதவி.

அடுத்தவரின் இடத்தையும் மனதையும் மதித்து வாழும் நற்குணத்தை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்களின் ஈமானையும் மானத்தையும் உடல் நலத்தையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.